பேராசிரியரை மீட்ட பெருமக்கள்

நம் மருத்துவக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கட்டடம் கட்டியதற்கு வேண்டாம். அதற்குத்தான் வாசலிலேயே கல்வெட்டு இருக்கிறதே. ஆசிரியரின் தலையிலிருந்து ஒரு பெரும் பாரத்தை இறக்கி வைத்ததற்காக எடுக்க வேண்டும். இந்த மாணவனிடம் இப்போது என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, யாரைப் பேசவிடுவது, எந்த இடத்தில் குறுக்கிடுவது என்று வகுப்பில் நொடிக்கு நொடி முடிவெடுக்கும் பாரம் அது. வெளிநாட்டு ஆசிரியர்கள் அரை நூற்றாண்டாக அதைச் சுமந்து முதுகு வளைந்துகொண்டிருக்க, நம்மவர்கள் ஒரே ஒரு சுற்றறிக்கையில் இறக்கிவிட்டார்கள்.

இந்தப் பாரத்தை முதலில் ஏற்றியவர்கள் கனடாக்காரர்கள். ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் ஒரு புதிய மருத்துவப் பள்ளியை 20 மாணவர்களோடு தொடங்கியது. டீன் ஜான் எவன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் வேண்டாத வேலை ஒன்றைச் செய்தார்கள். முதல் இரண்டு ஆண்டு உடற்கூறு, உடலியங்கியல் என்று சொற்பொழிவு கேட்டுவிட்டு அப்புறம் நோயாளியைப் பார்க்கும் பழைய நல்வழக்கத்தைக் கைவிட்டார்கள். நோயாளியின் கதை ஒன்றை முதல் நாளே மாணவர் கையில் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பேர் கூடி அதை அலச வேண்டும். எது தெரியும், எது தெரியாது என்று பிரிக்க வேண்டும். தெரியாததைத் தாங்களே தேடிப் படித்துவந்து மறுபடி கூட வேண்டும். நம் கல்லூரிகளில் பி.பி.எல்., அதாவது பிரச்சினை சார்ந்த கற்றல், என்று சொல்லப்படுவது இதுதான்.

இதில் ஆசிரியருக்கு என்ன வேலை? பாடம் நடத்தக் கூடாது. சும்மா இருக்கவும் கூடாது. நரம்பியல் மருத்துவரான ஹோவர்ட் பாரோஸ் இந்த முறைக்கு இலக்கணம் எழுதினார். ராபின் டாம்ப்ளினோடு சேர்ந்து 1980-ல் புத்தகமே போட்டார். அவர் கணக்குப்படி, ஆரம்பத்தில் ஆசிரியர்தான் விடாமல் கேட்க வேண்டும்: ஏன் அப்படி நினைக்கிறாய், அதற்கு என்ன ஆதாரம், வேறு என்னவாக இருக்கலாம்? நாளடைவில் அந்தக் கேள்விகளை மாணவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளத் தொடங்குவார்கள். அதற்கேற்ப ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். எந்த நாளில், எந்தக் குழுவில், எவ்வளவு விலகுவது? அதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது. எதிரில் இருக்கும் எட்டு முகங்களைப் பார்த்து அவரே முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய கொடுமை!

கொடுமை பரவவும் செய்தது. 1974-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், 1978-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில், 1985-ல் ஹார்வர்டின் புதிய பாடத்திட்டம், 1999-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. மாஸ்ட்ரிக்ட்காரர்கள் விவாதத்தை ஏழு படிகளாக வகுத்ததோடு நிற்கவில்லை. பாடம் தெரிந்தவர் நல்ல வழிநடத்துநரா, குழுவை நடத்தத் தெரிந்தவர் நல்ல வழிநடத்துநரா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பாடமும் தெரிய வேண்டும், மாணவரோடு மாணவராகப் பேசவும் தெரிய வேண்டும், அவர்களுக்கு எங்கே தடுக்கும் என்பது புரியவும் வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். இத்தனை தகுதியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டுமென்றால் அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

இந்தியாவுக்கு இது முறைப்படி வந்து சேர்ந்தது 2019-ல். அன்றைய மருத்துவக் கவுன்சில் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன் சார்ந்த புதிய பாடத்திட்டத்தை மூன்று தொகுதிகளாகக் கொடுத்தது. மொத்த நேரத்தில் சொற்பொழிவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மிச்சம் கலந்துரையாடல், செய்முறை, நோயாளியோடு கற்றல். படித்து வெளியே வருபவர் வாழ்நாள் முழுதும் தானே கற்பவராக இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே, இப்படிக் கற்பிக்கலாம் என்று சில முறைகளை எழுதிவைத்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆசிரியர் பக்கம் தள்ளிவிட்டார்கள். இங்கேதான் நம் நிர்வாகங்களின் கருணை வேலை செய்தது.

ஒரு கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஒன்றின் பெயரைச் சொன்னால், எங்களை ஏன் விட்டீர்கள் என்று மற்றவை கோபித்துக்கொள்ளும்.

அந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரு குழு என்றால் 31 குழுக்கள் ஆகி, இரண்டு பேர் மிஞ்சுவார்கள். 31 அறை வேண்டும், ஒரே நேரத்தில் 31 ஆசிரியர் வேண்டும். ஹாமில்டன்காரராக இருந்தால் ஆள் தேடி அலைந்திருப்பார். நம்மவர்கள் குழுவின் இலக்கணத்தையே விரிவாக்கினார்கள். ஐம்பது பேர் ஒரு குழு. ஐந்து குழு, ஐந்து ஆசிரியர், தேர்வுக்கூடத்தை நடுவில் பலகை வைத்துத் தடுத்தால் அறையும் தயார். சிறு குழுக் கற்றல் என்ற தலைப்பு மட்டும் கால அட்டவணையில் அப்படியே இருக்கிறது. எட்டுப் பேர் இருந்தால் ஒருவன் பேசாமல் இருப்பது ஆசிரியர் கண்ணில் படும். ஏன் பேசவில்லை என்று யோசிக்க வேண்டிவரும். ஐம்பது பேரில் நாற்பத்தைந்து பேர் பேசாமல் இருப்பது இயற்கை. கவலையே இல்லை.

அடுத்து, கதை எழுதும் பாரம். தன் வார்டில் பார்த்ததை வைத்து ஆசிரியர் ஒரு நோயாளிக் கதை எழுதலாம். வயல் வரப்பில் பாம்பு தீண்டி வந்தவர், மாத்திரையைப் பாதியில் நிறுத்திய காசநோயாளி, கால் புண் ஆறாத சர்க்கரை நோயாளி என்று இங்கே கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுதுவது, சக ஆசிரியரிடம் காட்டுவது, திருத்துவது, ஒரு குழுவில் நடத்திப் பார்த்து மறுபடி திருத்துவது என்று எத்தனை நாள் வீணாகும்! ஆகவே கரிகுலம் கமிட்டி வெளிநாட்டுக் கதை ஒன்றை எடுத்து நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. நெஞ்சுவலியோடு வந்த ஜான் இப்போது ஜானகிராமன். பனிச்சறுக்கு விளையாடும்போது அவருக்கு வலி வந்தது என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது. கும்பகோணத்துக்காரர் எங்கே பனிச்சறுக்கு விளையாடினார் என்று ஒரு மாணவி கேட்டாள். கதையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லையம்மா என்றார் ஆசிரியர். இதைவிட அடக்கமான பேராசிரியரை உலகில் எங்கே பார்க்க முடியும்? கதை ஆண்டுதோறும் மாறாமல் வருவதால் மாணவருக்கும் நன்மை உண்டு. விடைகள் சீனியர்களின் பி.டி.எஃப். வடிவில் முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. தானாகக் கற்றல் என்பது இதுதானே!

நிர்வாகம் செய்த உபகாரங்களில் தலையாயது, வழிநடத்துநருக்கான கையேடு. பள்ளிக்கூடத்தில் கோனார் உரையை மாணவர்கள் டெஸ்குக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். இங்கே அதை ஆசிரியருக்கே அச்சடித்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். எந்த நிமிடத்தில் கதையின் எந்தத் தாளைக் கொடுப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது, மாணவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. 10.20: முதல் தாள். 10.32: அனைவரும் பங்கேற்பதை உறுதிசெய்க. 10.40: மூன்றாம் தாள். மாணவர்கள் வேறு பதில் சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை. அப்படி நடக்காது என்ற நம்பிக்கைதான்.

அதன் அருமையை ஒரு டெங்கு வகுப்பில் காணலாம். கதையில் எட்டு வயதுச் சிறுமி, நான்கு நாள் காய்ச்சல். இரண்டாம் தாளில் ஐந்தாம் நாள் காலை: காய்ச்சல் இல்லை. வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி, கை கால் சில்லிட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் 90/75. ஹீமாட்டோக்ரிட் 36-லிருந்து 45-க்கு ஏறியிருக்கிறது. பிளேட்லெட் 60,000.

முன்வரிசை மாணவன் எழுந்தான். "காய்ச்சல் விட்டுருச்சு சார். பிளேட்லெட் மட்டும் பாத்துக்கிட்டா போதும். நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்."

டெங்குவில் குழந்தைகளைப் பறிகொடுக்கும் இடம் இதுதான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. நாளங்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேற ரத்தம் கெட்டியாகிறது. ஹீமாட்டோக்ரிட் ஏறுவது அதனால்தான். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்குகிறது. இந்தக் குழந்தைக்கு அது வெறும் 15. 20-க்கு இறங்கினாலே அதிர்ச்சி நிலை என்று பொருள். வரப்போகும் 24 முதல் 48 மணி நேரம் அவளுக்குச் சரியான அளவில் திரவம் ஏற்றி மணிக்கு மணி கவனிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் திரும்பிவர மாட்டாள். ஊரே பிளேட்லெட் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பப்பாளி இலையைப் பிழிந்துகொண்டிருக்க, மருத்துவர் பார்க்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது.

பாரம் சுமக்கும் பழக்கமுள்ள ஆசிரியராக இருந்தால் இந்த இடத்தில் தவித்துப்போவார். தப்பு என்று சொல்லிவிட்டால் மாணவன் வாயை மூடிக்கொள்வான். சரியென்று விட்டால் ஐந்து வருடம் கழித்து ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் அதையே செய்வான். ஆகவே மூன்றாம் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "காய்ச்சல் விட்ட புள்ளைக்குக் கை ஏம்பா சில்லுனு இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ள முதுகெலும்பு வேண்டும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், ரத்தம் கெட்டியாகுதுன்னா தண்ணி எங்கேயோ போகுதுல்ல?" என்பாள். அங்கிருந்து தந்துகிகள், அழுத்தம், கசிவு என்று முதலாண்டு உடலியங்கியல் முழுவதும் உயிர்பெற்று எழும். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகிவிடும்.

கையேடு இந்த விபரீதத்துக்கு இடம் தரவில்லை. 10.40 ஆனதும் மூன்றாம் தாள். "இது பிளாஸ்மா கசிவு" என்று அதன் முதல் வரியிலேயே அச்சாகியிருக்கிறது. கேள்வி பிறப்பதற்கு முன்பே பதில் கைக்கு வந்துவிட, ஐம்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு வழிநடத்தியவர் முறைவரிசைப்படி வந்த உடற்கூறியல் துறைக்காரர். டெங்குவைக் கடைசியாக அவர் படித்தது தன் இறுதியாண்டில். ஏதாவது சொல்லித் தப்பாகிவிடுமோ என்று மூன்று தாளையும் கொடுத்து முடிக்கும்வரை அவர் பேசவேயில்லை. வழிநடத்துநர் குறுக்கிடவேயில்லை, சிறப்பு என்று பார்வையாளர் படிவத்தில் எழுதினார்கள். வாயடைத்துப்போனவருக்கும் வாய்காத்தவருக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் சமத்துவத்தை நாம் வேறெங்கும் காண முடியாது.

இந்தக் கலைக்குக் கொடுக்கப்படும் பயிற்சியும் போதுமான அளவில் இருக்கிறது. மூன்று நாள் அடிப்படைப் பயிலரங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நாற்பது நிமிடம். அதில் முப்பது நிமிடம், சொற்பொழிவு ஏன் கூடாது என்பது பற்றிய சொற்பொழிவு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், மருத்துவக் கல்வியிலும் ஆய்வு முறையிலும் அடிப்படைப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். எட்டு வாரமாக வாய் திறக்காத மாணவியை ஒன்பதாவது வாரம் பேசவைத்தவர் அதை எழுதிக்காட்ட விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. வருகைப் பதிவு மட்டும் ஆண்டுக்காண்டு முன்னேறுகிறது. விரல் ரேகை போய், 2025-லிருந்து முகத்தைச் செயலியில் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. முகம் வந்ததா என்று பார்க்கிறார்கள். அந்த முகத்தோடு ஒரு மூளையும் வந்ததா, வந்தால் அதற்கு ஏதும் வேலை கொடுத்தோமா என்று கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை.

மதிப்பீட்டிலும் இதே கனிவுதான். பங்கேற்புக்குப் பத்து மதிப்பெண். எல்லோருக்கும் எட்டு. யாருக்காவது நான்கு போட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், பெற்றோர் வருவார்கள், டீன் அறைக்குப் போய் நிற்க வேண்டும். எட்டு போட்டால் எல்லோரும் நலம். இந்த மாணவன் ஆதாரம் கேட்காமலே எதையும் நம்புகிறான், இந்தப் பெண் தெரிந்ததையும் சொல்லப் பயப்படுகிறாள் என்பது போன்றவற்றை மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆசிரியரால்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லும் சிரமத்திலிருந்தும் அவரை விடுவித்துவிட்டார்கள்.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாராட்டு முழுமை பெறாது. தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்த அவ்வை, பீலி அணிந்து நெய் பூசி மின்னிய வேல்களை வியந்தாளாம். எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். நம் கல்லூரியின் லாக்புக்குகளை அவள் பார்த்திருக்க வேண்டும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஓரத்தில் கிறுக்கிய ஒரு கேள்விகூட இல்லை. பிரதிபலிப்பு என்ற பகுதியில், "இந்த வகுப்பு மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று 250 பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்ஷன் வந்தால் காட்டுவதற்குப் படங்களும் உண்டு: வட்டமாக நாற்காலி, நடுவில் வெள்ளைப் பலகை, சிரித்த முகம். படம் எடுத்து முடிந்ததும் நாற்காலிகள் வரிசைக்குத் திரும்பிவிடுகின்றன.

ஆசிரியர்களையும் விட்டுவிடக் கூடாது. இந்தச் சாதனையில் அவர்களுக்கும் பங்குண்டு. அவர்களில் ஒரு பிரிவினர் கதையை ஐந்து நிமிடத்தில் படித்து முடித்து, மீதி நேரம் பவர்பாயிண்ட் போட்டுப் பழைய சொற்பொழிவையே நடத்துகிறார்கள். இன்னொரு பிரிவினர் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆழ்ந்துவிடுகிறார்கள். கேட்டால், மாணவரை மையப்படுத்திய கல்வி என்பார்கள். இரண்டு பிரிவினரும் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே, அது இறக்கி வைத்த பாரத்தை மறுபடி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கையேட்டை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு, தாளைப் பத்து நிமிடம் தாமதித்துக் கொடுப்பவர் என்று எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார். அவருக்குத்தான் மெமோ வரும். குழுக்களிடையே சீர்மை குலைந்தது என்று அதில் எழுதியிருக்கும். நியாயம்தான். ஒரு குழுவுக்கு மட்டும் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தால் மற்ற நான்கு குழுக்களுக்கு அநீதி அல்லவா?

உலகளவில் நடந்த ஒரு சண்டைக்கும் நம்மவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 1993-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்புகள், இம்முறையில் படித்தவர்கள் விரும்பிப் படிக்கிறார்கள், நோயாளியைக் கையாள்வதில் குறைந்துவிடவில்லை, அடிப்படை அறிவியல் தேர்வில் சில சமயம் சற்றுப் பின்தங்குகிறார்கள் என்றன. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் பலிக்காது, இதுவும் அந்த ரகம்தான் என்று எழுதினார்கள். ஹ்மெலோ-சில்வரும் அவர் கூட்டாளிகளும் அடுத்த ஆண்டே மறுத்தார்கள்: இதில் வழிகாட்டல் நிறைய இருக்கிறது, அதைத் தாங்கி நிற்பவர் அந்த ஆசிரியர்தான் என்றார்கள். நம் கல்லூரிகள் இரு தரப்பையும் திருப்திப்படுத்தின. ஆசிரியரின் வழிகாட்டலையும் எடுத்துவிட்டோம், மாணவரின் சுதந்திரத்தையும் எடுத்துவிட்டோம். தேர்வில் யாராவது தவறினால், இந்த முறை நம் ஊருக்குச் சரிப்படாது என்று சொல்லிக்கொள்ளலாம். நடத்தவே நடத்தாத ஒன்றை நடத்திப் பார்த்துத் தோற்றதாக நிரூபிப்பது லேசான காரியமா?

இந்தச் சாதனை நிலைக்க வேண்டுமென்றால் நிர்வாகங்கள் சிலவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும். குழுவில் பத்துப் பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும் விபரீத யோசனைக்கு இடம் கொடுக்கக் கூடாது; ஆள் போதாவிட்டால் முழு ஆண்டும் நடத்தாமல் நான்கு கதையை மட்டும் உருப்படியாக நடத்தலாமே என்று யாராவது கேட்பார்கள், ஏமாந்துவிடக் கூடாது. கதையை எழுதவும் மாற்றவும் வழிநடத்துநருக்கு உரிமை தரக் கூடாது. எந்தத் தாளை எப்போது கொடுப்பது என்பதை அவர் தீர்மானிக்க விடவே கூடாது. வாரம் ஒருமுறை வழிநடத்துநர்கள் கூடி, என் குழு இங்கே தடுக்கியது, உன் குழுவில் என்ன செய்தாய் என்று பேசிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. கூடிப் பேசும் ஆசிரியர்கள் அடுத்து கமிட்டியில் இடம் கேட்பார்கள். வழிநடத்துநர் கொடுக்கும் நான்கு மதிப்பெண்ணை நிர்வாகம் பெற்றோர் முன்னால் தாங்கிப் பிடிக்கவும் கூடாது.

இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், திறப்பு விழாவும் இல்லை. அதனாலேயே யாரும் செய்துவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெருமக்களே, உங்கள் பணி தொடரட்டும். நீங்கள் உருவாக்கும் மருத்துவர்களும் உங்கள் ஆசிரியர்களைப் போலவே, தாளில் இருப்பதைத் தாண்டி ஒரு கேள்வியும் கேட்காதவர்களாக வருவார்கள். அவர்கள் பணியில் அமரும் ஆஸ்பத்திரியிலேயே உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள்.